சிறுநீரகத்தை விற்பதில் என்ன தவறு?

முதலில் கேள்வியைச் சுருக்கித் தந்துவிடுகிறேன். "என் அண்ணன் மூன்று ஆண்டுகளாக டயாலிசிஸில் இருக்கிறார். வீட்டில் யாருடைய சிறுநீரகமும் அவருக்குப் பொருந்தவில்லை. பணம் கொடுத்தால் வெளிநாட்டில் ஒருவரிடமிருந்து சிறுநீரகம் ஏற்பாடு செய்து தருவதாக ஓர் ஆள் சொல்கிறார். கொடுப்பவர் தன் விருப்பத்தோடு கொடுக்கிறார், அவருக்கும் பணம் கிடைக்கிறது, அண்ணனும் பிழைப்பார். இதில் யாருக்கு என்ன கெடுதல்? சும்மா கொடுத்தால் தியாகம், காசு வாங்கினால் குற்றம் என்று பிரிப்பது போலித்தனம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போலித்தனம் என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. மாற்று அறுவை சிகிச்சையில் அறுவை மருத்துவருக்கு ஊதியம் உண்டு. மயக்க மருத்துவர், செவிலியர், மருந்து நிறுவனம், மருத்துவமனை என்று எல்லோருக்கும் வருமானம் உண்டு. நோயாளிக்கு உயிரே திரும்பக் கிடைக்கிறது. உறுப்பைக் கொடுத்தவர் மட்டும் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும் என்கிறது சட்டம். இதைச் சுட்டிக்காட்டுபவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. ஆனாலும் உங்களிடம் சொல்லப்பட்ட ஏற்பாட்டில் பெரிய கெடுதல் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். பணம் கைமாறுவதே அந்தக் கெடுதல் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது வேறோர் இடத்தில் இருப்பதாகப் படுகிறது. கொடுப்பவர் சம்மதித்தாரா என்று எல்லோரும் கேட்கிறோம். அறுவை அரங்கின் வாசல்வரை வந்த பிறகும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, எதையும் இழக்காமல் அவரால் திரும்பிப் போயிருக்க முடியுமா என்பதைக் கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகலாம் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் ஒரு கட்டுக்கதையை ஒதுக்கிவைக்க வேண்டும். உறுப்புக் கடத்தல் என்றவுடன், மயக்க மருந்து கொடுக்கப்பட்டு, பனிக்கட்டி நிரம்பிய குளியல் தொட்டியில் ஒரு சிறுநீரகம் இல்லாமல் கண்விழிக்கும் பயணியின் கதைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. யாரோ ஒருவரின் சிறுநீரகத்தைத் திருடி இன்னொருவருக்கு வைத்துவிட முடியாது. ரத்த வகை பொருந்த வேண்டும். திசுப் பொருத்தம் பார்க்க வேண்டும். பெறுபவரின் ரத்தத்தில் அந்த உறுப்புக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். இரண்டு அறுவைக் குழுக்கள், ஆய்வகம், தீவிர சிகிச்சைப் படுக்கை எல்லாம் வேண்டும். ஆகவே இந்த வணிகம் இருட்டுச் சந்தில் நடப்பதில்லை. பெரும்பாலும் மருத்துவமனையில், பகல் வெளிச்சத்தில், கையொப்பமிட்ட படிவங்களோடு நடக்கிறது. அந்தக் கட்டுக்கதையால் விளையும் தீமையும் இதுதான்: திருட்டைத் தேடிக்கொண்டிருப்பவர்களின் கண்ணில் கையொப்பம் படுவதில்லை.

உடலின் ஒரு பகுதியைச் செல்வர்கள் வறியவர்களிடம் விலைக்கு வாங்குவது நம் காலத்தில் தொடங்கியதுமில்லை. 18ஆம் நூற்றாண்டின் லண்டனில் ஏழைகளின் வாயிலிருந்து நல்ல பற்களைப் பிடுங்கிப் பணக்காரர்களின் ஈறில் பொருத்தும் வழக்கம் இருந்தது. ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவரே அதை ஊக்குவித்தார். பிறருக்குப் பொருத்துவதற்காகப் பல்லைக் கொடுப்பதும் விற்பதும் தன்னைத்தானே ஒரு பகுதி கொலை செய்துகொள்வது என்று தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் எழுதியதை இன்று படிப்பவர்கள் மிகைப்படுத்தல் என்று சிரிக்கக்கூடும். அவர் காலத்தில் பல் வணிகம் கண்முன் நடந்த ஒன்று. அவர் கொடுப்பதையும் விற்பதையும் ஒன்றாகவே கண்டித்தார் என்பதைக் கவனியுங்கள்; நாம் இன்று அந்த இரண்டையும் பிரித்துவிட்டோம்.

அப்படிப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் ஜோசப் மரே தலைமையிலான குழு, ஒரே கருவில் உருவான இரட்டையர்களில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டது. எந்த நோயும் இல்லாத ஒருவரை, அவருடைய உடலுக்கு எந்த நன்மையும் இல்லாத ஓர் அறுவைக்கு உட்படுத்தலாமா என்ற கேள்வி மருத்துவர்களை அப்போது கடுமையாக உறுத்தியது. தீங்கு செய்யாதே என்பது மருத்துவத்தின் பழைய விதி. உயிருள்ள கொடையாளரின் மீது வைக்கப்படும் முதல் கீறலே அந்த விதியை மீறுகிறது. 1957இல் வயது வராத இரட்டையர்களின் வழக்குகள் மாசசூசெட்ஸ் நீதிமன்றத்துக்கு வந்தபோது, உடன்பிறப்பு இறந்துபோனால் கொடையாளருக்கு ஏற்படக்கூடிய மனப் பாதிப்பைக் காரணம் காட்டித்தான் நீதிமன்றம் அனுமதி அளித்தது. கொடுப்பவருக்கும் இதில் ஒரு நன்மை இருக்க வேண்டும் என்ற தேடல் அன்றே தொடங்கிவிட்டது. அன்புக்குரியவர் பிழைத்தார் என்ற நிறைவு அந்த இடத்தை நிரப்பியது. அன்பு இல்லாத இடத்தில் அதை எதைக் கொண்டு நிரப்புவது? பணம் என்று சிலர் சொன்னார்கள்.

ஒரு மருந்து வராமல் இருந்திருந்தால் அப்படிச் சொல்ல வாய்ப்பே இருந்திருக்காது. அதுவரை நெருங்கிய ரத்த உறவில்லாதவரின் உறுப்பைப் பெறுபவரின் உடல் பல வேளைகளில் நிராகரித்துவிடும். 1983இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்ற சைக்ளோஸ்போரின் என்ற மருந்து உடலின் எதிர்ப்பை அடக்கியது. முன்பின் அறியாதவரின் சிறுநீரகமும் நிலைத்தது. முன்பின் அறியாதவரின் சிறுநீரகம் பயன்படும் என்றால் அதற்கு விலை வைக்கவும் முடியும். அதே ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தில், மருத்துவ உரிமம் பறிக்கப்பட்ட பாரி ஜேக்கப்ஸ் என்பவர், ஏழை நாடுகளிலிருந்து ஆட்களை வரவழைத்துச் சிறுநீரகங்களுக்குத் தரகு செய்யும் நிறுவனம் ஒன்றை நடத்த முன்வந்தார். அந்த அதிர்ச்சியின் விளைவாகவே 1984இல் அமெரிக்கா உறுப்பு விற்பனையைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. இந்தியா 1994இலும், பாகிஸ்தான் 2007இலும் தடை விதித்தன. வெளிநாட்டவருக்குத் தம் குடிமக்களின் சிறுநீரகம் போவதைப் பிலிப்பைன்ஸ் 2008இல் நிறுத்தியது. அதே 2008இல் மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் கூடி வெளியிட்ட இஸ்தான்புல் பிரகடனம் இதற்கான சொற்களை வரையறுத்தது. சிகிச்சைக்காக வேறொரு நாட்டுக்குச் செல்வது தன்னளவில் தவறில்லை; உடன்பிறந்தவர் வாழும் நாட்டுக்குச் சென்று அவரிடம் உறுப்பு பெறுவது அந்த வகை. உறுப்பு விலைக்கு வாங்கப்படும்போதோ, வெளியாருக்கு உறுப்பு போவதால் உள்நாட்டு நோயாளிகளுக்குக் கிடைக்க வேண்டியது குறையும்போதோ அந்தப் பயணம் உறுப்புச் சுற்றுலாவாகிவிடுகிறது. உங்கள் அண்ணனுக்குச் சொல்லப்பட்ட ஏற்பாடு எந்த வகை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கொடுப்பவர் தன் விருப்பத்தோடு கொடுக்கிறார் என்று அந்த ஆள் உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வணிகத்தில் எல்லாத் தரகர்களும் சொல்வது இதுதான், பல வேளைகளில் அது பொய்யும் இல்லை. அந்த விருப்பம் எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் நேர்கண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2002இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியானது. இந்தத் துறையில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. அவர்களில் 96 சதவீதத்தினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். பேசிய தொகையைவிடக் குறைவாகவே அவர்கள் கைக்கு வந்தது. விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனிலேயே இருந்தார்கள். 86 சதவீதத்தினர் உடல்நிலை மோசமாகிவிட்டதாகச் சொன்னார்கள். பிறர் விற்கலாமா என்று கேட்டபோது 79 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள்.

இந்தக் கடைசி எண்ணை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒரு பரிமாற்றத்தால் இரு தரப்பும் பயனடைகிறது என்பதற்கு நாம் பொதுவாகத் தரும் சான்று, இருவரும் அதில் விரும்பி இறங்கினார்கள் என்பதுதான். இங்கே இறங்கிப் பார்த்தவர்கள் பின்னால் வருபவர்களைத் தடுக்கிறார்கள். ஈரானின் கெர்மான்ஷா நகரில் நடந்து 2001இல் வெளியான ஆய்விலும், 33 பேரை நெருங்கிப் பழகி அறிந்து மானுடவியலாளர் மொனிர் மொனிருஸ்ஸமான் பங்களாதேஷ் குறித்து 2012இல் எழுதியதிலும் இதே குரல் கேட்கிறது. பங்களாதேஷ் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: அறுவைக்காக எல்லை கடந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் கடவுச்சீட்டைத் தரகர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நேபாளத்தின் ஹோக்சே என்ற ஊரில் சிறுநீரகம் மறுபடியும் வளர்ந்துவிடும் என்று சொல்லியே பலரை இணங்கவைத்திருந்தார்கள். கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு, மொழி தெரியாத ஊரில், வாங்கிய முன்பணத்தைச் செலவழித்த பிறகு, ஒருவர் எப்படி மனம் மாற முடியும்? மொனிருஸ்ஸமான் சந்தித்தவர்களில் மனம் மாறியவர்களும் இருந்தார்கள். அவர்களை மிரட்டி அரங்குக்குள் அனுப்பினார்கள்.

மறுக்க முடிகிற சூழல் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். நைஜீரிய செனட்டின் முன்னாள் துணைத் தலைவர் ஐக் எக்வெரெமாடு, நோயுற்ற தன் மகளுக்குச் சிறுநீரகம் கொடுப்பதற்காக லாகோஸைச் சேர்ந்த ஓர் இளைஞரை லண்டனுக்கு வரவழைத்தார். மருத்துவமனையில் அந்த இளைஞர் மகளின் உறவினர் என்று காட்டப்பட்டார். அவரிடம் பேசிய மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. அவர் கொடையாளராக ஏற்கப்படவில்லை. பின்னர் அந்த இளைஞர் தப்பிச் சென்று காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் சொன்னார். 2023இல் அந்த அரசியல்வாதிக்கு 9 ஆண்டுகள் 8 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஒரு மருத்துவர் கொடையாளரிடமே கேள்வி கேட்டதுதான் அந்த இடத்தில் எல்லாவற்றையும் மாற்றியது. உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் குழுக்கள் உறவுச் சான்றிதழ்களைப் புரட்டுவதில் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சான்றிதழைத் தயாரிக்க எங்கும் ஆள் கிடைப்பார்கள்.

அந்தக் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2008 நவம்பரில் கொசோவோவின் பிரிஸ்டினா விமான நிலையம் காட்டியது. நாடு திரும்பவிருந்த ஒரு துருக்கி இளைஞர் அங்கே நிலைகுலைந்து விழுந்தார். அவருடைய உடலில் அறுவைத் தழும்பு ஆறாமல் இருந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன விசாரணை ஒரு தனியார் மருத்துவமனையில் போய் முடிந்தது. வாங்கியவர்கள் செல்வ நாடுகளிலிருந்தும் கொடுத்தவர்கள் வறிய நாடுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். எந்த நாட்டு வழக்கை எடுத்தாலும் உறுப்பு கீழிருந்து மேலே போகிறதே தவிர, ஒரு செல்வர் தன் சிறுநீரகத்தை ஏழைக்கு விற்ற வழக்கு எதையும் நான் அறிந்ததில்லை.

இதற்கு உங்களைப் போலவே சிந்திப்பவர்கள் ஒரு வலுவான எதிர்வாதம் வைப்பார்கள். நான் அடுக்கியவை எல்லாம் கள்ளச் சந்தையின் தீமைகள். தடையே கள்ளச் சந்தையை உருவாக்குகிறது. ஆகவே விற்பனையைச் சட்டபூர்வமாக்கி, நியாயமான விலையும் தொடர் மருத்துவமும் உறுதிசெய்தால் தரகர்கள் ஒழிவார்கள் என்பது அந்த வாதம். சார்ல்ஸ் எரின், ஜான் ஹாரிஸ் என்ற இரு அறிஞர்கள் இதற்கு மிக நேர்த்தியான வடிவம் கொடுத்திருக்கிறார்கள்: வாங்கும் உரிமை அரசுக்கு மட்டுமே இருக்கும், வாங்கிய உறுப்பு பணத்தைப் பார்க்காமல் மருத்துவத் தேவையின்படி வழங்கப்படும், விற்பவரும் வாங்குபவரும் ஒரே நாட்டினராக இருப்பார்கள். பணக்காரர்களுக்கு மட்டும் உறுப்பு போவதை இந்தத் திட்டம் தடுத்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். யார் விற்க வருவார்கள் என்பதை அது மாற்றாது. ஈரானில் 1988 முதல் அரசு ஒழுங்குபடுத்திய ஊதியத்துடன் கூடிய சிறுநீரகக் கொடை நடைமுறையில் இருக்கிறது. அதனால் காத்திருப்போர் பட்டியலே இல்லாமல் போனதாகச் சொல்லப்பட்டது. அங்கும் கொடுக்க வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அரசு தரும் தொகை போதாமல் பெறுபவரிடம் தனியாகப் பேரம் பேசுவது வழக்கமாயிற்று. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெற வழிசெய்யும் சட்டம் அங்கே 2000இல்தான் வந்தது.

எனக்கு இன்னும் ஆழமான தயக்கம் ஒன்று இருக்கிறது. விற்பனை சட்டபூர்வமாகிவிட்டால் சிறுநீரகம் ஒருவருடைய சொத்துக் கணக்கில் ஏறிவிடுகிறது. இன்று கடன்பட்ட ஒருவரிடம் அடகு வைக்க ஒன்றுமில்லை என்றால் கடன் கொடுத்தவர் அதோடு நிற்க வேண்டும். நாளை, "உன்னிடம்தான் இன்னொன்று இருக்கிறதே, விற்றுக் கட்டு" என்று சொல்ல முடியும். கணவன் மனைவியிடம் சொல்ல முடியும், தகப்பன் மகனிடம் சொல்ல முடியும். விற்க விரும்பாதவரும் ஏன் விற்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். ஒருவருக்கு ஒரு புதிய வாய்ப்பைக் கொடுப்பது அவருடைய சுதந்திரத்தைக் கூட்டும் என்பது பொதுவாக உண்மை. இந்த வாய்ப்பு மட்டும், அது இல்லாதபோது அவருக்கு இருந்த ஒரு பாதுகாப்பை எடுத்துவிட்டே வருகிறது. விரும்பினால் விற்கலாம் என்ற சட்டம் வறியவர்களிடம் போய்ச் சேரும்போது விற்றாக வேண்டும் என்று மாறிவிடும் என்று நான் அஞ்சுகிறேன்.

இதே கேள்வியைப் பணம் இல்லாத இடங்களிலும் கேட்டுப் பார்த்தால்தான் நேர்மை. சீனாவில் நீண்ட காலம் மரண தண்டனைக் கைதிகளின் உறுப்புகள் பயன்படுத்தப்பட்டன. துணை சுகாதார அமைச்சராக இருந்த ஹுவாங் ஜியேஃபு 2005இல் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2015 முதல் இது நிறுத்தப்பட்டதாக அரசு அறிவித்தது. அதற்குப் பின் வெளியான கொடை எண்ணிக்கைகள் ஒரு கணிதச் சூத்திரத்தோடு நம்ப முடியாத அளவுக்கு ஒட்டிப்போகின்றன, அதனால் அவை புனையப்பட்டவையாக இருக்கலாம் என்று 2019இல் ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. கைதி கையெழுத்தே போட்டிருந்தாலும், சிறை அதிகாரியிடம் மறுப்புச் சொல்லக்கூடிய நிலையில் அவர் இல்லை என்பதே போதும்.

குடும்பத்துக்குள் நடக்கும் கொடையும் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடுவதில்லை. உயிருள்ள கொடையாளர்களில் பெண்கள் அதிகமாகவும் பெறுபவர்களில் ஆண்கள் அதிகமாகவும் இருப்பது பல நாடுகளில் காணப்படுகிறது. அன்புதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பிழைப்புக்கு வெளியே போகும் ஆணின் உடல் காப்பாற்றப்பட வேண்டும் என்ற கணக்கு அந்த அன்புக்குள் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. அதனால்தான் நல்ல மருத்துவமனைகளில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். கொடையாளரைத் தனியே சந்திக்கும்போது அவர் தயங்குவது தெரிந்தால், காரணத்தை வீட்டாரிடம் சொல்லாமல், மருத்துவரீதியாக இவர் பொருத்தமானவர் இல்லை என்று மட்டும் தெரிவித்துவிடுவார்கள். இது பொய்யா என்று மருத்துவ அறவியலாளர்கள் நீண்ட காலமாக விவாதிக்கிறார்கள். பொய்யென்றாலும் சொல்லத் தகுந்தது என்பது என் கருத்து. வீட்டில் யாருடைய சிறுநீரகமும் பொருந்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவுகளில் ஒன்று இப்படி வந்ததாகக்கூட இருக்கலாம். துருவிப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொடையாளருக்குச் சொல்லப்பட வேண்டிய ஆபத்து எவ்வளவு என்பதையும் குறிப்பிட வேண்டும். நன்றாகப் பரிசோதித்துத் தேர்ந்த கொடையாளர்களில் அறுவையையொட்டி இறப்பவர்கள் 10,000க்கு ஏறத்தாழ 3 பேர் என்று 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. வாழ்நாளில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பு, கொடை செய்யாத ஆரோக்கியமானவர்களிடம் 10,000க்கு 14 என்றால், கொடையாளர்களிடம் 90 என்று 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு மதிப்பிட்டது. குறைவுதான், ஆனாலும் இல்லாததில்லை. அமெரிக்காவில் முன்பு சிறுநீரகம் கொடுத்த ஒருவருக்குப் பின்னாளில் அதே நோய் வந்தால் காத்திருப்போர் பட்டியலில் அவருக்கு முன்னுரிமை உண்டு. கடத்தல் வலையில் சிக்கி விற்றவருக்கு ஆண்டுக்கொருமுறை ரத்த அழுத்தம் பார்க்கக்கூட ஆளில்லை. தழும்பைக் காட்டினால் வழக்கு வருமோ என்ற அச்சத்தில் அவர் மருத்துவரிடமே போவதில்லை.

உலகில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பு மாற்றுகள் நடக்கின்றன. அது தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிறுநீரக மாற்றுகளில் 5 முதல் 10 சதவீதம் வணிகம் வழியாக நடப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2007இல் மதிப்பிட்டது. இந்தப் பற்றாக்குறை இருக்கும்வரை தரகர்கள் இருப்பார்கள். அதைக் குறைக்கும் வழி இறந்தவர்களின் கொடையில்தான் பெருமளவு இருக்கிறது, ஏனென்றால் அங்கே வெட்டப்படுபவருக்கு உடல் தீங்கு என்று ஒன்றில்லை. ஸ்பெயின் 1989இல் தேசிய அமைப்பு ஒன்றை நிறுவியபோது பத்து லட்சம் பேருக்குச் சுமார் 14 கொடையாளர்கள் இருந்தார்கள். 2023இல் கிட்டத்தட்ட 49. மறுக்காதவர் சம்மதித்தவராகக் கொள்ளப்படுவார் என்ற அந்நாட்டின் 1979ஆம் ஆண்டுச் சட்டமே இதற்குக் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பிறகும் பத்தாண்டுகள் எண்ணிக்கை பெரிதாக உயரவில்லை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே பயிற்சி பெற்ற மருத்துவர்களை ஒருங்கிணைப்பாளர்களாக வைத்து, துயரத்தில் இருக்கும் குடும்பத்தோடு பொறுமையாகப் பேசி, அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவதுதான் அங்கே பின்பற்றப்படும் முறை. சட்டப்படி கேட்கத் தேவையில்லாத இடத்திலும் அவர்கள் கேட்கிறார்கள்.

மறுக்க விட்டதால் அங்கே கொடை குறையவில்லை. நம்பிக்கை உடைந்தால் எவ்வளவு குறையும் என்பதற்கு ஜெர்மனி சான்று. காத்திருப்போர் பட்டியலில் சில நோயாளிகளை முன்னுக்குக் கொண்டுவர அவர்களின் மருத்துவ விவரங்கள் திருத்தப்பட்டது 2012இல் வெளிவந்தது; 2011இல் 1,200ஆக இருந்த இறந்த கொடையாளர்களின் எண்ணிக்கை 2013இல் 876ஆகச் சரிந்தது. மூளைச்சாவை உறுதிசெய்யும் மருத்துவர்களும் உறுப்பை எடுக்கும் குழுவும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்ற விதியும் இந்த நம்பிக்கைக்காகத்தான். சட்டத்தை மீறாமலேயே பட்டியலில் பணம் உதவக்கூடும் என்பதும் உண்மை. கலிஃபோர்னியாவில் வாழ்ந்த ஸ்டீவ் ஜாப்ஸ், காத்திருக்கும் காலம் குறைவாக இருந்த டென்னசி மாநிலத்தில் 2009இல் கல்லீரல் பெற்றார். பல இடங்களில் பெயர் பதிந்துகொள்ள அந்நாட்டு விதி அனுமதிக்கிறது; அழைப்பு வந்ததும் சில மணி நேரத்தில் அங்கே போய்ச் சேரும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதை விதி கேட்பதில்லை.

உங்கள் அண்ணனை நான் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பவரிடம் அறம் பேசுவது எளிது. பேசுபவர்கள் யாரும் அந்தப் படுக்கையில் இல்லை. அவருடைய நலனை மட்டும் பார்த்தாலும் இந்த ஏற்பாடு நல்லதில்லை. விலைக்கு வாங்கிய சிறுநீரகத்தோடு திரும்பியவர்களிடம் இறப்பும் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை போன்ற தொற்றுகளும் அதிகமாக இருந்ததை 1990இலேயே மருத்துவ இதழ்கள் பதிவு செய்தன. விற்பவர் தன் நோயை மறைக்கிறார், தரகர் கேட்பதில்லை, அறுவை முடிந்த சில நாளில் நோயாளியை விமானம் ஏற்றிவிடுகிறார்கள். அப்படித் திரும்பியவருக்குச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு பெரிதாக இல்லை. இஸ்ரேல் வேறொரு முனையைப் பிடித்தது: சட்டவிரோதமாக நடக்கும் வெளிநாட்டு மாற்று அறுவைக்குக் காப்பீட்டுப் பணம் தருவதை 2008இல் தடைசெய்தது, அப்படிச் செல்வோரின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் மிகவும் குறைந்துவிட்டது.

உங்களுக்குத் திறந்திருக்கும் ஒரு வழியைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் யாருக்கும் பொருந்தவில்லை என்பது இன்று கடைசி வார்த்தை இல்லை. ரத்த வகை பொருந்தாதபோதும் எதிர்ப்பொருள்களை நீக்கி அறுவை செய்யும் மையங்கள் இருக்கின்றன. இணைப் பரிமாற்றம் என்ற முறையும் இருக்கிறது: நீங்கள் அண்ணனுக்குக் கொடுக்க முடியாமல், உங்களைப் போலவே இன்னொரு குடும்பமும் தவித்துக்கொண்டிருந்தால், உங்கள் சிறுநீரகம் அவர்களுக்கும் அவர்களுடையது உங்கள் அண்ணனுக்கும் போகலாம். தென்கொரியாவில் 1991இல் முதலில் செய்யப்பட்ட இந்த முறையைப் பெரிய வலையமைப்பாக்க உதவிய ஆல்வின் ராத் 2012இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதுவும் ஒரு கொடுக்கல் வாங்கல்தானே என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவிலேயே 2007இல் தனிச் சட்டம் வந்துதான் அந்த ஐயம் தீர்ந்தது. இரண்டே இணைகள் பங்கேற்கும் பரிமாற்றத்தில் நான்கு அறுவைகளையும் ஒரே வேளையில் தொடங்குவதுதான் வழக்கம். ஒருவர் சிறுநீரகம் பெற்றுக்கொண்ட பிறகு, அவர் சார்பில் கொடுக்க வேண்டியவர் மனம் மாறிவிட்டால் அவரை எந்த ஒப்பந்தத்தாலும் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் ஒப்பந்தம் எழுதும் முயற்சியே இல்லாமல், நான்கு அரங்குகளை ஒரே நேரத்தில் தயார்செய்துவிட்டு, நான்கு பேரிடமும் கடைசியாக ஒருமுறை கேட்கிறார்கள். அண்ணனின் சிறுநீரக மருத்துவரிடம் இணைப் பரிமாற்றத்துக்கான பதிவேட்டில் பெயர் சேர்க்க முடியுமா என்று இந்த வாரமே கேளுங்கள். பெயர் சேர்ப்பதற்கு முன் உங்களையும் தனியறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள்.